பெட்டி தயார்... ஆள் தயாரா?

(பட்டிமன்றத் தலைப்பு: "முதல் வெளிநாட்டுப் பயணத்துக்கு முதலில் தயாராக வேண்டியது பெட்டியா? மனமா?" - 'மனமே' என்ற அணியில் ஆற்றிய உரை)

அன்பு நிறைந்த நடுவர் அவர்களே! 'பெட்டியே, பெட்டியே' என்று பேசி இந்த மேடையையே பலசரக்குக் கடையாக மாற்றிவிட்டு அமர்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! என் பக்கம் நிற்கிற நியாயவான்களே! ஏரிக்கரைக் காற்றை வாங்கிக்கொண்டு இவ்வளவு நேரமும் பொறுமையாக உட்கார்ந்திருக்கிற அயனம்பாக்கத்துப் பெரியோர்களே, தாய்மார்களே! ஒரு கண்ணை அடுப்பிலும் ஒரு கண்ணைத் தொலைக்காட்சியிலும் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிற சகோதரிகளே!

நடுவர் அவர்களே, பயணத்தைப் பற்றிப் பேச நல்ல ஊராகப் பார்த்துத்தான் மேடை போட்டிருக்கிறீர்கள். அயனம் என்றால் என்ன? வழி, பயணம். இராமன் நடந்த வழி இராமாயணம். சூரியன் வடக்கே புறப்பட்டால் உத்தராயணம், தெற்கே திரும்பினால் தட்சிணாயனம். அந்தச் சொல்லைப் பெயரிலேயே வைத்துக்கொண்டிருக்கிற ஊர் இந்த அயனம்பாக்கம். இதை ஊர்ப்பெயர் ஆராய்ச்சி என்று எடுத்துக்கொண்டு நாளைக்கு என் வீட்டுக்கு வந்து கல்வெட்டு ஆதாரம் கேட்காதீர்கள். காதுக்கு நன்றாக இருக்கிறது, சொன்னேன். அவ்வளவுதான். (சிரிப்பு)

எதிரணியில் முதலில் பேசிய அம்மையார் ஒரு பட்டியல் வாசித்தார்கள். ஊறுகாய், பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், வடகம், அப்பளம், குக்கர், இட்லித்தட்டு, ஒரு சின்ன அம்மிக்குழவி! நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அம்மா, இது வெளிநாட்டுப் பயணமா, இல்லை தனிக்குடித்தனமா? (சிரிப்பு, கைதட்டல்)

எங்கள் தெருவில் ஒரு அம்மா. மகள் அமெரிக்காவில். தலைப்பிரசவம். அந்த அம்மாவுக்கு முதல் விமானப் பயணம். ஒரு மாதமாக வீட்டில் பெட்டி கட்டுகிறார்கள். எடை பார்க்க வேண்டுமே? வீட்டில் ஆள் ஏறி நிற்கிற எடை மெஷின்தான் இருக்கிறது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஏறி நில்லுங்க" என்றார்கள். பெட்டியோடு அவர் 94 கிலோ. பெட்டி இல்லாமல் 68. அப்போது பெட்டி 26. டிக்கெட்டில் போட்டிருப்பது 23. மூன்று கிலோ அதிகம். அம்மா கொஞ்சம் யோசித்தார்கள். யோசித்துவிட்டுக் கணவரைப் பார்த்துச் சொன்னார்கள்: "நீங்க ஒரு மூணு கிலோ குறைஞ்சிருங்களேன்!" (பலத்த சிரிப்பு)

சிரிக்கிறோம். அந்தப் பெட்டிக்கு என்ன ஆனது என்று கேளுங்கள். மகளுக்குப் பிடிக்குமே என்று, பறித்த ஈரம் காயாமல் ஒரு கட்டுக் கறிவேப்பிலை வைத்திருந்தார்கள். அமெரிக்காவுக்குள் பச்சைக் கறிவேப்பிலை கொண்டுபோகக் கூடாது. ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களைக் கொல்கிற நோய் ஒன்று இருக்கிறது. அதைப் பரப்புகிற பூச்சி கறிவேப்பிலைச் செடியில் குடியிருக்கும். அதனால் தடை. நாம் சாப்பாட்டிலிருந்து கறிவேப்பிலையை எடுத்துப் போடுவோம். அவன் பெட்டியிலிருந்தே எடுத்துப் போட்டுவிட்டான். (சிரிப்பு)

இது போனால் போகட்டும், கறிவேப்பிலை. கசகசா? குருமாவுக்கு அரைக்கிற கசகசாதானே, அதில் என்ன வந்தது என்று நினைப்போம். அது அபின் செடியின் விதை. ஐக்கிய அரபு நாடுகளில் அதைப் போதைப்பொருள் கணக்கில் வைத்திருக்கிறார்கள். இங்கே மளிகைக் கடையில் நூறு கிராம் பொட்டலம்; அங்கே அது வழக்கு. சிங்கப்பூருக்கும் கொண்டுபோகக் கூடாது. நம் டாக்டர் எழுதிக் கொடுக்கிற சில இருமல் மருந்துக்கும் வலி மாத்திரைக்கும்கூட வளைகுடா நாடுகளில் கட்டுப்பாடு உண்டு. மருந்துச் சீட்டும் முன் அனுமதியும் கேட்பார்கள். கொப்பரைத் தேங்காய்? அதிலுள்ள எண்ணெய் தீப்பற்றும் என்று 2022-ஆம் ஆண்டு நம் நாட்டு விமானப் பாதுகாப்புத் துறையே தடுக்கப்பட்ட பொருள்களில் சேர்த்துவிட்டது.

எதிரணி நண்பர்களே, இதிலிருந்து என்ன தெரிகிறது? பெட்டியில் எதை வைப்பது என்பதற்கு முன்னால், எதை வைக்கக் கூடாது என்று தெரிய வேண்டும். அது பெட்டிக்குத் தெரியாது. பெட்டி கட்டுகிற ஆளுக்குத் தெரிய வேண்டும். அந்தத் தெளிவைத்தான் நாங்கள் மனம் என்கிறோம்! (கைதட்டல்)

அந்த அம்மாவின் கதை இன்னும் முடியவில்லை. விமானம் இறங்கியாயிற்று. குடியேற்ற அதிகாரி கேட்கிறார், "எதற்காக வந்திருக்கிறீர்கள்?" இந்த அம்மாவுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் உள்ளதை உள்ளபடி சொன்னார்கள்: "டாட்டர் ஹவுஸ்... ஒர்க்!" முடிந்தது கதை. சுற்றுலா விசாவில் வந்துவிட்டு வேலை செய்ய வந்தேன் என்றால் அங்கே அது பெரிய குற்றம். தனி அறைக்கு அழைத்துப் போய்விட்டார்கள். மகள் வெளியே நிறைமாத வயிற்றோடு நிற்கிறாள். அம்மா உள்ளே அழுதுகொண்டு நிற்கிறாள். இரண்டு மணி நேரம் கழித்து, தமிழ் தெரிந்த ஒருவர் வந்து பேசிய பிறகுதான் விட்டார்கள். "மகளைப் பார்க்க வந்தேன்" என்று சொல்லியிருந்தால் போதும். அதுதான் உண்மையும்கூட. ஒரு மாதம் பெட்டி கட்டினோமே, அந்த ஒரு வாக்கியத்தை ஒரு நிமிடம் சொல்லிக்கொடுத்தோமா?

நடுவர் அவர்களே, படித்தவர்கள் மட்டும் என்ன தயாராகவா போகிறோம்? என் கதையைச் சொல்கிறேன். முதன்முதலாக மலேசியாவில் பட்டிமன்றம். டாக்டர் பட்டம் வாங்கினவள், கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். நமக்குத் தெரியாததா என்ற நினைப்பு. நம் தமிழ்நாட்டில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்துப் போடுவோம், இனிஷியல். பாஸ்போர்ட்டில் அந்த ஓர் எழுத்து செல்லாது. அப்பா பெயரை முழுசாக விரித்து எழுத வேண்டும். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயர் போய் உட்கார்ந்துவிடும். விமான நிலையத்தில் ஓர் அறிவிப்பு. ஒரு பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறார்கள். எங்கேயோ கேட்ட பெயராக இருக்கிறதே என்று நான் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறேன். கடைசியில் பார்த்தால் அது என் அப்பா பெயர்! காலமாகிப் பல வருடமான என் அப்பாவை, கண்காணாத ஊரில் மைக் வைத்துக் கூப்பிடுகிறார்கள். ஒரு கணம் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த கணம் ஓடினேன். விமானம் போய்விடுமே! (சிரிப்பு, கைதட்டல்)

ஆகவே தாய்மார்களே, பாஸ்போர்ட்டில் உள்ள பெயர், விசாவில் உள்ள பெயர், டிக்கெட்டில் உள்ள பெயர் மூன்றும் எழுத்து மாறாமல் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பல நாடுகளில் பாஸ்போர்ட்டுக்கு இன்னும் ஆறு மாதம் ஆயுள் இருக்க வேண்டும் என்கிறார்கள், அதையும் பாருங்கள். பார்த்துவிட்டு, அங்கே உங்களை உங்கள் அப்பா பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்பதை மனசில் போட்டுக்கொள்ளுங்கள்.

எதிரணியில் ஒருவர் கேட்டார், "பெரிய மனிதர்கள் எல்லாம் பெட்டியோடுதானே போனார்கள்?" என்று. போனார்கள் ஐயா. அந்தப் பெட்டி என்ன பாடுபடுத்தியது என்பதையும் சொல்லியிருக்க வேண்டாமா?

1888-ஆம் ஆண்டு செப்டம்பர் 4. பம்பாயிலிருந்து 18 வயதுப் பையன் ஒருவன் இலண்டனுக்குக் கப்பலேறுகிறான். பெயர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. பெட்டி கட்டியதில் ஒரு குறையும் இல்லை. கப்பலில் போட ஒரு கறுப்பு உடை. கரை இறங்கும்போது போட வெள்ளைக் கம்பளித் துணியில் ஓர் உடை. அதை மடிப்புக் கலையாமல் பத்திரமாக வைத்திருந்தார். செப்டம்பர் கடைசியில் கப்பல் போய்ச் சேர்ந்தது. வெள்ளை உடையைப் போட்டுக்கொண்டு கம்பீரமாக இறங்கினார். சுற்றிலும் பார்த்தால், இலையுதிர் காலத்து இங்கிலாந்தில் வெள்ளை உடை போட்ட ஆள் அவர் ஒருவர்தான்! சரி, மாற்றிக்கொள்ளலாம் என்றால், எல்லோரும் கொடுக்கிறார்களே என்று பெட்டி, சாவி எல்லாவற்றையும் ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டார். அன்றைக்குச் சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு, பெட்டி கிடைக்காது. கூசிக் குறுகி நின்றதைத் தன் சத்திய சோதனையில் அவரே எழுதியிருக்கிறார்.

கப்பலில் மட்டும் என்ன? முள்கரண்டி பிடிக்கத் தெரியாது. எந்தப் பண்டத்தில் இறைச்சி இல்லை என்று கேட்கக் கூச்சம். ஊரிலிருந்து கொண்டுபோன இனிப்பையும் பழத்தையும் அறைக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டுப் பொழுதைக் கழித்தார். நம் வீட்டுப் பிள்ளைகள் மாதிரியே இல்லை? (சிரிப்பு)

ஆனால் நடுவர் அவர்களே, அவருடைய அம்மா புத்லிபாய் இன்னொன்றையும் கட்டிக்கொடுத்தார். அது பெட்டியில் இல்லை. பெச்சார்ஜி சுவாமி என்ற ஜைனத் துறவியை வைத்து மூன்று சத்தியம் வாங்கிக்கொண்டார்: மதுவையும் இறைச்சியையும் பிற பெண்களையும் தொடமாட்டேன் என்று. ரொட்டியைத் தின்று பசியோடு அலைந்து அலைந்து, ஒருநாள் ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவு விடுதியைக் கண்டுபிடித்தார். அங்கேயே சைவ உணவைப் பற்றிய புத்தகமும் வாங்கினார். அந்த வழியில் சைவ உணவுச் சங்கத்துக்குப் போனார், அதன் நிர்வாகக் குழுவில் உட்கார்ந்தார், அவர்கள் பத்திரிகையில் எழுதினார். பேசக் கூச்சப்பட்ட பையனுக்குப் பொதுவாழ்வின் அரிச்சுவடி அங்கே கிடைத்தது. நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்: பெட்டியில் வைத்தது காலை வாரியது, மனத்தில் வைத்தது கரை சேர்த்தது! (பலத்த கைதட்டல்)

அவர் குஜராத்துக்காரர். நம் ஊர்ப் பிள்ளைக்கு வருவோம். கணிதமேதை இராமானுஜன். கும்பகோணத்தில் வளர்ந்து, சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கராக இருந்தவர். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை கொடுத்தது. பயணச் செலவுக்கும் உடைக்கும் தனியாகக் கொடுத்தது. குடுமியை எடுத்தாயிற்று. கோட்டு, காலர், பூட்சு எல்லாம் வாங்கியாயிற்று. 1914-ஆம் ஆண்டு மார்ச் 17, நெவாசா என்ற கப்பலில் சென்னையிலிருந்து புறப்பட்டார். பெட்டிக் கணக்கில் நூற்றுக்கு நூறு.

கேம்பிரிட்ஜில் குளிர். பின்னாளில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை உருவாக்கிய மகலனோபிஸ் அப்போது அங்கே மாணவர். இராமானுஜனைப் பார்த்து, "இராத்திரி குளிர் தாங்குகிறதா?" என்று கேட்டார். "தாங்கவில்லை, மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையையும் சுற்றிக்கொண்டுதான் படுக்கிறேன்" என்றார் இவர். போதிய கம்பளி இல்லையோ என்று மகலனோபிஸ் படுக்கையறைக்குப் போய்ப் பார்த்தார். கட்டிலில் கம்பளிகள் வேண்டிய மட்டும் இருக்கின்றன! ஆனால் எல்லாவற்றையும் மெத்தையோடு சேர்த்து இறுக்கமாகச் செருகி, மேலே ஒரு விரிப்பைப் போட்டு வைத்திருக்கிறார்கள். கம்பளியை விலக்கி அதற்குள்ளே போய்ப் படுக்க வேண்டும். அது இவருக்குத் தெரியவில்லை. கம்பளிகளுக்கு மேலே படுத்துக்கொண்டு, அந்த மெல்லிய விரிப்பை மட்டும் போர்த்தி நடுங்கிக்கொண்டிருந்தார்.

முடிவிலியையே மடக்கிப் போட்ட மனிதருக்குக் கம்பளியின் மடிப்புத் தெரியவில்லை! (அமைதி) இதில் சிரிக்க ஒன்றுமில்லை. கும்பகோணத்தில் பாய் விரித்துப் படுத்தவருக்கு எப்படித் தெரியும்? தெரியாதது பிழையே இல்லை. ஆனால் கோட்டுத் தைக்கத் தையல்காரர் கிடைத்தார், "அங்கே எப்படித் தூங்குவார்கள்?" என்று சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் கிடைக்கவில்லையே! கம்பளி பக்கத்திலேயே இருந்தது; கேட்கலாம் என்ற துணிச்சல்தான் இல்லை. முதல் பயணம் போகிற நம் பிள்ளைக்கு நாம் கொடுக்க வேண்டிய முதல் சாமான் அதுதான்: "தெரியலைன்னா கேளுடா கண்ணா, கேட்கிறதுல அவமானம் இல்லை." (கைதட்டல்)

நடுவர் அவர்களே, இதுவரை ஊரார் கதையைச் சொன்னேன். இனி என் வீட்டுக் கதை. இதை நான் எந்த மேடையிலும் சொன்னதில்லை.

இந்த அயனம்பாக்கத்துக்குப் பக்கத்தில் அம்பத்தூர் தொழிற்பேட்டை. 1964-இல் தொடங்கியது. நம் பகுதியில் எத்தனையோ வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தப் பேட்டையினால்தான். என் அண்ணன் அங்கே லேத் ஓட்டினவர். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் விரலால் தொட்டே சொல்வார். 1989-இல் அவருக்கு வளைகுடா ஆசை வந்தது. வீட்டு நிலைமை அப்படி. நான் கல்லூரியில் படிக்கிறேன். அம்மாவின் இரட்டைவடச் சங்கிலி அடகுக்கடைக்குப் போனது. ஏஜெண்டு கைக்குப் பணம் போனது. புதுசாக ஒரு வி.ஐ.பி. பெட்டி வந்தது. அம்மா மாவடு போட்டார்கள். பாட்டில் உடையாமல் இருக்க வேட்டியைச் சுற்றி, அதன் மேலே துண்டைச் சுற்றி... மூன்று நாள் அந்தப் பெட்டியைக் கட்டினோம். தெரு முழுக்க லட்டு கொடுத்தோம். சென்ட்ரலில் பம்பாய் மெயில் ஏற்றிவிட்டு வந்தோம்.

ஏஜெண்டு ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினான். ஒரு பக்கம் அரபி, ஒரு பக்கம் ஆங்கிலம். அண்ணனுக்கு இரண்டும் தெரியாது. எனக்கு ஆங்கிலம் தெரியும். நான் அதை வாங்கிப் படித்துப் பார்க்கவில்லை. (அமைதி) மாவடு பாட்டிலுக்கு மூடி சரியாக இருக்கிறதா என்று நான்தான் பார்த்தேன். அந்தக் காகிதத்தைப் பார்க்கவில்லை.

போன பிறகு மாதம் ஒரு கடிதம். நீல நிற ஏர்மெயில் தாள். "நான் இங்கு நலம். வேலை நன்றாக உள்ளது. அம்மாவுக்கு மாத்திரை வாங்கவும்." இரண்டு வருடமும் இதே மூன்று வரி. அம்மா அதைத் தெருவெல்லாம் காட்டினார்கள். இரண்டு வருடம் கழித்து வந்தார். கையைப் பிடித்துப் பார்த்தேன். லேத் பிடித்த கை இல்லை அது. வெடித்து, தோல் உரிந்து, சிமெண்டு தின்ற கை. டர்னர் வேலை என்று சொல்லி அழைத்துப் போய், வெயிலில் மூட்டை தூக்க விட்டிருக்கிறார்கள். அந்தக் காகிதத்தில் அப்படித்தான் எழுதியிருந்ததாம்.

"ஏண்ணா, ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "எழுதினா நீங்க என்ன செஞ்சிருப்பீங்க? சங்கிலி அடகுல இருக்கு. தெருவுக்கே லட்டு குடுத்தாச்சு. நான் எந்த மூஞ்சியோட திரும்பி வர்றது?"

ஐயா, அந்த மாவடு மூன்றே மாதத்தில் தீர்ந்துவிட்டது. நாங்கள் கட்டிக்கொடுக்காமல் விட்டது ஒரே ஒரு வார்த்தை: "சரிப்படலைன்னா திரும்பி வந்துடு, நாங்க இருக்கோம்." எடையே இல்லாத வார்த்தை. எந்த விமானத்திலும் அதற்குக் கட்டணம் கிடையாது. அதை நாங்கள் வைக்கவில்லை. (நீண்ட கைதட்டல்)

அதனால்தான் இன்றைக்கு இந்த மேடையில், வேலைக்குப் போகிற பிள்ளைகளின் வீட்டாருக்கு நான்கு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன். வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் யாராக இருந்தாலும், 1983-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி மத்திய அரசில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்தப் பதிவு எண் உண்மையா என்று இ-மைக்ரேட் என்ற அரசு இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு விதிப்படி உச்சவரம்பு 30,000 ரூபாய், அதற்கு மேல் வரி மட்டும். இலட்சம் கொடு, இரண்டு இலட்சம் கொடு என்றால் எழுந்து வாருங்கள்.

பத்தாவது தேறாத பிள்ளை என்றால், வளைகுடா, மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடியேற்ற அனுமதி வேண்டும். 'அது ஒரு தொல்லை, சுற்றுலா விசாவில் போயிடலாம்' என்று ஏஜெண்டு குறுக்கு வழி காட்டுவான். அது தொல்லை இல்லை ஐயா, வேலி! அந்த வழியில் போனால்தான் 10 இலட்ச ரூபாய் விபத்துக் காப்பீடும் கூட வரும். புறப்படுவதற்கு முன் இலவசமாக ஒரு நாள் பயிற்சியும் அரசு கொடுக்கிறது. பெட்டி கட்ட மூன்று நாள் செலவழிக்கிற நாம், அதற்கு ஒரு நாள் செலவழிக்கக் கூடாதா?

படித்த பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்கிறீர்களா? 2022-ஆம் ஆண்டு என்ன நடந்தது? தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன நம் தமிழ் இளைஞர்களை எல்லை தாண்டி மியான்மருக்குள் கொண்டுபோய், இணைய மோசடிக் கும்பலிடம் அடைத்து வைத்தார்கள். அரசு தலையிட்டுத்தான் மீட்டது. எல்லோரும் பெட்டியோடு போன பிள்ளைகள்தான்! ஒப்பந்தத்தை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு நகலை வீட்டில் வையுங்கள். கடைசி நேரத்தில் விமான நிலைய வாசலில் யாராவது, "நம்ம ஊர்க்காரர்தானே, இந்த ஒரு பார்சலை மட்டும் கொண்டுபோய்க் குடுத்துடுங்க" என்றால், கையைக் கட்டிக்கொள்ளுங்கள். அதற்குள் என்ன இருக்கிறதோ! உங்கள் பெட்டியில் இருந்தால் அது உங்கள் பொருள். சில நாடுகளில் அதற்குத் தண்டனை மரணம்.

நடுவர் அவர்கள் மணியைப் பார்க்கிறார்கள்... அடித்தே விட்டீர்களா? ஒரு நிமிடம் ஐயா. தமிழாசிரியை தொல்காப்பியத்தைத் தொடாமல் இறங்கினால் என் மாணவிகள் மன்னிக்க மாட்டார்கள். (சிரிப்பு)

பழந்தமிழில் பயணத்துக்கு 'செலவு' என்று பெயர். இப்போது செலவு என்றால் பர்ஸைத் தொடுகிறோம். அன்றைக்குச் செலவு என்றால் காலைத் தொட்டிருப்பார்கள். பொருள் தேடப் புறப்பட்ட தலைவன், வீட்டு வாசலைத் தாண்டாமல் தயங்கி நிற்பான். இதற்குச் செலவழுங்கல் என்று பெயர். அவன் போகப் பயந்துவிட்டானா? இல்லை என்கிறார் தொல்காப்பியர். அது போகாமல் இருப்பதற்கான தயக்கம் அல்ல. வீட்டில் இருப்பவளைத் தேற்றி, அவள் மனத்தைத் திடப்படுத்திவிட்டுப் போவதற்கான தாமதம் என்கிறார். பாருங்கள் ஐயா! போகிறவர் தயாரானால் மட்டும் போதாது, இருக்கிறவரும் தயாராக வேண்டும் என்று எவ்வளவு காலத்துக்கு முன்பே இலக்கணம் எழுதி வைத்திருக்கிறான் தமிழன்! எங்கள் வீட்டில் அண்ணனும் தயாராகவில்லை; அவர் கஷ்டத்தைக் கேட்க நாங்களும் தயாராகவில்லை. அதனால்தான் அந்த நீலத் தாளில் மூன்று வரி பொய் வந்தது.

பெட்டி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஊறுகாய் போகட்டும், பருப்புப்பொடி போகட்டும். தாயின் கை மணம் கடல் தாண்டட்டும். ஆனால் அது இரண்டாவது. முதலாவது எது? நம் மொழியே அதைச் சொல்லிவிட்டது. வாசலில் நின்று விடைபெறும்போது தமிழன் என்றைக்காவது "போறேன்" என்று சொல்வானா? சொன்னால் பாட்டி வாயில் போடுவாள். "போயிட்டு வரேன்" என்று சொல்லச் சொல்வாள். போவதைச் சொல்லும்போதே வருவதையும் சேர்த்துக் கட்டிவைத்திருக்கிற மொழி இது!

அவன் "போயிட்டு வரேன்" என்கிறான். அதற்கு வீட்டிலிருந்து ஒரு பதில் வேண்டும். "வாடா கண்ணா. ஜெயிச்சாலும் வா, சரிப்படலைன்னாலும் வா. கதவு திறந்தே இருக்கும்." இந்தப் பதிலை முதலில் அவன் மனசில் வையுங்கள். அதற்குப் பிறகு பெட்டியைத் திறங்கள்.

எனவே நடுவர் அவர்களே, முதல் வெளிநாட்டுப் பயணத்துக்கு முதலில் தயாராக வேண்டியது மனமே, மனமே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன்.

போயிட்டு... வரேன்! (நீண்ட கைதட்டல்)